போக்குக் காட்டும் மழை

கேள்வி: ஆங்கில வழியில் படிக்கும் என் மகளின் புவியியல் பாடத்தில் ‘வேகரீஸ் ஆஃப் மான்சூன்’ என்று வருகிறது. மழையின் வேகத்தைச் சொல்கிறார்களா? தமிழில் எப்படிச் சொல்லித் தருவது?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: வேகத்துக்கும் இதற்கும் உறவே இல்லை அம்மா. இலத்தீனில் ‘வகாரி’ என்றால் அலைந்து திரிதல். அதிலிருந்து 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த சொல் ‘வேகரி’. முதலில் கால்போன போக்கில் சுற்றுவதைத்தான் அது குறித்தது. அப்புறம் பேச்சு விஷயத்தை விட்டு விலகுவதும், மனம் திடீரென்று ஒன்றில் தாவுவதும் வேகரி ஆயின. இன்று மழை, சந்தை, அதிர்ஷ்டம் என்று எதிர்பார்ப்புக்குள் அடங்காத எல்லாவற்றுக்கும் சொல்கிறார்கள், பெரும்பாலும் பன்மையில்.

ஊர்சுற்றியைக் குறிக்கும் ‘வேகபாண்ட்’ இதன் உறவுதான். மூளையிலிருந்து புறப்பட்டு, கழுத்து வழியாக இதயம், நுரையீரல், இரைப்பை, குடல் என்று அலையும் பத்தாவது மூளை நரம்புக்கு ‘வேகஸ்’ என்று பெயர். அந்தப் பெயர் எனக்கு மிகவும் பிடிக்கும்.

சரி, தமிழுக்கு வருகிறேன். நாளிதழ் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தபோது இதைப் ‘பருவமழையின் மாறுபாடுகள்’ என்றே பல வருஷம் எழுதினேன். மாறுபாடு என்றால் அளந்து பட்டியல் போடக்கூடியது போல இருக்கிறது. சம்பா நட்டுவிட்டு வரப்பில் நிற்பவனின் தவிப்பு அதில் இல்லை.

நீடாமங்கலம் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் இருந்தது. ஐப்பசியில் கிழக்கே கருத்துக்கொண்டு வரும், காற்றில் மண்வாசனை கூட வரும், சொட்டு விழாமல் கலைந்துவிடும். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “போக்குக் காட்டிட்டுப் போயிருச்சுப்பா” என்பார். அதுதான் வேகரி! வங்கக் கடலில் உருவாகும் தாழ்வு மண்டலம் நாகப்பட்டினத்துக்கு வருவது போல வந்து, ஆந்திரா பக்கம் திரும்பிவிடுவதும் உண்டு. நமக்கு வரவேண்டிய மழையும் அதோடு போய்விடும். சொல்லின் பழைய பொருள், புதிய பொருள் இரண்டும் அங்கே ஒன்றாகவே இருக்கின்றன. ‘போக்கு’ என்பதும் ‘போ’ என்ற வினையிலிருந்து வந்ததுதானே.

தேர்வுத்தாளில் தமிழில் எழுத நேர்ந்தால் ‘பருவமழையின் நிலையற்ற போக்கு’ என்று எழுதட்டும். வீட்டில் சொல்லித் தரும்போது ‘போக்குக் காட்டுவது’ என்றே சொல்லுங்கள். மன்னார்குடிப் பிள்ளைக்கு அது உடனே விளங்கும்.