அளவையாளர் மீது முறையிட்டால் வளவு திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: அம்மா எனக்குச் சீதனமாக எழுதித் தந்த வளவு உறுதிப்படி 40 பேர்ச்சஸ். பக்கத்து வளவுக்காரர் தமது காணியை விற்பதற்காக அளப்பித்தபோது, அந்த நில அளவையாளர் எங்கள் உறுதியையோ பழைய நில அளவைப் படத்தையோ கேளாமல் எங்கள் பக்கம் கல் நாட்டிவிட்டார். ஏறக்குறைய 3 பேர்ச்சஸ் குறைகிறது. விளக்கம் கேட்டும் பதில் சொல்லவில்லை. அவரைப் பதிவு செய்த சபையிடம் முறையிட்டால் காணி திரும்பக் கிடைக்குமா?
– வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: காணி அந்த வழியால் திரும்பாது. ஆனாலும் நீங்கள் முறையிடத்தான் வேண்டும்.

2002 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க நில அளவைச் சட்டத்தின் கீழ் அமைந்த நில அளவைச் சபையே அளவையாளர்களைப் பதிவு செய்கிறது. தொழில் செய்வதற்கான அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் வழங்குகிறது. அவர்களின் தொழில் ஒழுக்கத்தையும் கண்காணிக்கிறது. முறைப்பாடு வந்தால், அளவையாளருக்கும் தம் தரப்பைச் சொல்ல இடமளித்து விசாரித்து, குற்றம் நிரூபணமானால் அவருடைய தொழிலுரிமை மீதே நடவடிக்கை எடுக்கலாம். எல்லை எது, அந்த நிலம் யாருக்கு உரியது என்று தீர்மானிக்கும் அதிகாரம் மட்டும் அதற்கு இல்லை. அது மாவட்ட நீதிமன்றத்துக்கு உரியது.

இரண்டு அளவைகளுக்கு இடையே வேறுபாடு இருப்பதே ஒழுக்கக்கேடு ஆகிவிடாது என்பதையும் மனத்திற் கொள்ளுங்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நமது கரையோரத்தில் எத்தனையோ வளவுகளின் வேலியும் கல்லும் இல்லாமற் போயின. அத்தகைய இடத்தில் நேர்மையாக அளப்பவரும் தவறக்கூடும். எனவே கல் தவறிவிட்டது என்று மட்டும் எழுதினால் முறைப்பாடு வலுப்பெறாது. பழைய எல்லையைக் காட்டும் ஆவணம் உங்களிடம் இருந்தும் அவர் அதைக் கேட்கவில்லை, அயற்காணிக்காரரான உங்களுக்கு அறிவிக்காமலே கல் நாட்டினார், விளக்கம் கேட்டபோதும் மறுமொழி தரவில்லை என்ற செயல்களைத் திகதியோடு எழுதுங்கள். என் பார்வையில், பழைய ஆவணத்தைத் தேடாமல் கல் நாட்டுவதே இதில் மிகப் பெரிய பிழை, ஏனென்றால் அந்தக் கல்லை நம்பித்தான் நாளை வேறொருவர் பணம் கொடுத்து வாங்கப்போகிறார். உறுதியினதும் இரு அளவைப் படங்களினதும் பிரதிகளை இணைத்து, புதிய படத்தின் இலக்கத்தையும் அளவையாளரின் பெயரையும் குறிப்பிட்டுப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

சபையின் முடிவு வரட்டும் என்று நிலத்தின் விடயத்தில் மட்டும் காத்திராதீர்கள். 3 பேர்ச்சஸ் என்பது கிட்டத்தட்ட 76 சதுர மீற்றர். பக்கத்தவர் அதை எதிருரிமையோடு, அதாவது உங்கள் உரிமையை ஏற்காமல் தமதென்றே, இடையறாது 10 ஆண்டுகள் ஆண்டால், 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி அதற்கே உரிமை கோரலாம். ஆகவே சட்டத்தரணி மூலம் பக்கத்தவருக்கும், தெரிந்தால் வாங்க இருப்பவருக்கும், உங்கள் ஆட்சேபத்தை இப்போதே எழுத்தில் அறிவியுங்கள். வழக்குத் தொடுக்க நேர்ந்தால், நீதிமன்றம் ஆணையிட்டு அனுப்பும் வேறொரு அளவையாளரிடம் பழைய படத்தைப் புதிய அளவையின் மேல் பொருத்திக் காட்டும்படி கேளுங்கள். கல் எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்பது அப்போது தாளிலேயே தெரிந்துவிடும். அந்த அறிக்கை கிடைத்தால் அதன் பிரதியைச் சபைக்கும் அனுப்பி வையுங்கள்.