வங்கிக் கடன் பிரிவிலிருந்து வணிகக் கட்டட முதலீட்டுக்கு மாற, சேமிப்பைச் செலவிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 33. வங்கியில் நிறுவனக் கடன் மதிப்பீட்டுப் பிரிவில் எட்டு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். அலுவலகக் கட்டடங்கள், கிடங்குகள், வணிக வளாகங்கள் ஆகியவற்றில் முதலீடு செய்யும் நிறுவனங்களுக்கு மாற விரும்புகிறேன். அதற்காக என் சேமிப்பில் பெரும்பகுதியைச் செலவிட்டு முழுநேர முதுகலைப் படிப்பில் சேரலாமா? தொடக்கத்தில் சம்பளம் குறையும் என்கிறார்கள். அதற்கு எப்படித் தயாராவது?

பதில்: சேமிப்பைக் கரைத்து முழுநேரப் படிப்பில் சேர வேண்டாம் என்பதே என் கருத்து. கடன் வாங்குபவரின் வருமானத்தை எட்டு ஆண்டுகளாக அலசிப் பார்த்த உங்களுக்கு, இந்தத் துறை கேட்கும் அறிவில் பாதி ஏற்கெனவே கைவசம் இருக்கிறது. மீதிப் பாதி, கடன் கொடுத்தவரின் இடத்திலிருந்து உரிமையாளரின் இடத்துக்கு மாறி உட்கார்ந்து பார்ப்பது.

ஒரு கணக்கைப் பாருங்கள். பராமரிப்பு, காப்பீடு, சொத்து வரி போன்ற செலவுகள் போக ஒரு கட்டடம் ஆண்டுக்கு 100 ரூபாய் ஈட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். சந்தை 5 சதவீத வருவாய் விகிதத்தை, அதாவது துறையினர் சொல்லும் 'கேப் ரேட்'டை, ஏற்கும்போது அதன் மதிப்பு 2,000 ரூபாய். அதில் 1,200 கடன், 800 சொந்த மூலதனம். வட்டி உயர்ந்து, சந்தை 6 சதவீதம் எதிர்பார்க்கத் தொடங்கினால், வாடகையில் ஒரு ரூபாய்கூடக் குறையாத நிலையிலும் மதிப்பு ஏறத்தாழ 1,667 ஆகிவிடும். கடன் அப்படியே இருப்பதால் மூலதனம் 467 ஆகச் சுருங்குகிறது. நாற்பது சதவீதத்துக்கும் மேல் இழப்பு. அந்தக் கடனுக்கான வட்டி 4 சதவீதமாக இருந்தால் ஆண்டுக்கு 48 ரூபாய் கட்டினால் போதும். 7 சதவீதத்தில் மறுகடன் வாங்க நேர்ந்தால் 84 ரூபாய். கடன் கொடுத்தவராக நீங்கள் இந்த 84-ஐ மட்டும் பார்த்திருப்பீர்கள். நேர்காணலில் உங்களிடம் கேட்கப்படுவது அந்த 467-ஐப் பற்றித்தான்.

ஆகவே மாலை நேரங்களை எக்ஸெல்லில் இத்தகைய மாதிரிகளை வெற்றுத் தாளிலிருந்து கட்டிப் பழகுவதற்கு ஒதுக்குங்கள். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ரீட் அறக்கட்டளைகளின், அதாவது பலரின் பணத்தைத் திரட்டிக் கட்டடங்களை வாங்கி வாடகை வருமானத்தைப் பகிர்ந்தளிக்கும் அமைப்புகளின், ஆண்டறிக்கைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் வாடகைதாரர் விவரம், ஒப்பந்தம் முடியும் ஆண்டு, காலியிட விகிதம் எல்லாம் இருக்கும். முழுமையாக வாடகைக்கு விடப்பட்ட கட்டடம் என்று தலைப்பில் இருந்தாலும், வாடகையில் பாதியைத் தரும் ஒரே நிறுவனத்தின் ஒப்பந்தம் 14 மாதங்களில் முடிகிறது என்று உள்ளே ஒரு வரி இருந்தால், நீங்கள் வாங்கப்போவது வேறொரு சொத்து. அந்த வரியைத் தேடிக் கண்டுபிடிக்கும் பழக்கமே இந்த வேலை. கட்டடங்களின் வாடகை வரவையும் மதிப்பையும் கணிக்க இத்துறையினர் பயன்படுத்தும் ஆர்கஸ் மென்பொருளைக் கற்க ஒரு குறுகிய பயிற்சி போதும்.

இனிப் பணம். சொத்துகளை வாங்கும் பிரிவில் வருமானத்தின் கணிசமான பங்கு ஊக்கத்தொகையாக வருகிறது. விற்பனை லாபத்தில் கிடைக்கும் பங்கோ, கட்டடம் விற்கப்படும் வரை, பல ஆண்டுகள்கூடக் காத்திருக்க வைக்கும். எனவே குடும்பச் செலவை அடிப்படைச் சம்பளத்துக்குள் அடக்கிவிட்டு, பன்னிரண்டு மாதச் செலவுக்கான தொகையை எளிதில் எடுக்கக்கூடிய வைப்பில் வைத்த பிறகே வங்கிப் பணியை விடுங்கள். 2022, 2023 ஆண்டுகளில் அமெரிக்க மத்திய வங்கி வட்டியைப் பூஜ்ஜியத்துக்கு அருகிலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் உயர்த்தியபோது, அங்கே கட்டட விற்பனை வெகுவாகச் சுருங்கியது. வாங்குவதற்கு ஆளில்லாத காலத்தில் வாங்கும் பிரிவுக்கு வேலையும் குறைவு. இருக்கும் சொத்துகளை நிர்வகிக்கும் பிரிவு அந்த அளவுக்கு ஆட்டம் காண்பதில்லை. கட்டடக் கடன் வழங்கும் பிரிவிலும் புதிய கடன்கள் குறைந்தாலும், கொடுத்த கடன்களைக் கண்காணிக்கும் வேலை தொடரும். உங்கள் அனுபவத்துக்கு முதல் படியாக இவற்றையே பரிந்துரைப்பேன். உங்கள் வங்கியிலேயே கட்டடக் கடன் பிரிவு இருந்தால் இடமாற்றம் கேட்டுப் பாருங்கள். சம்பளம் குறையாமல் துறைக்குள் நுழையும் வழி அது.

பலர் கவனிக்கத் தவறும் ஒன்றும் உண்டு. சம்பளம் ரியல் எஸ்டேட்டிலிருந்து வரும்போது, சேமிப்பையும் அதிலேயே போட்டால், வட்டி உயரும் ஒரே ஆண்டில் இரண்டும் சேர்ந்து அடிபடும். ஆகவே உங்கள் சொந்த முதலீட்டைப் பிற துறைப் பங்குகளிலும் கடன் பத்திரங்களிலும் பரப்பி வையுங்கள். புதிய நிறுவனம் தன் நிதியில் உங்களையும் முதலீடு செய்யச் சொன்னால், வேலையை விட்டால் அந்தப் பணம் எப்போது, எந்த மதிப்பில் திரும்பக் கிடைக்கும் என்பதைக் கையெழுத்திடும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.