கைடு யார் கையில் இருக்க வேண்டும்?

கேள்வி: என் மகன் தமிழ் வழியில் பத்தாம் வகுப்பு படிக்கிறான். அறிவியலுக்கு மட்டும் மூன்று கைடு வாங்கிக் கொடுத்திருக்கிறோம். தினமும் இரண்டு மணி நேரம் அவற்றைத்தான் படிக்கிறான். கேட்டால் ‘எல்லாம் தெரியும்’ என்கிறான். ஆனால் அரையாண்டுத் தேர்வில் 75க்கு 41 தான் வந்தது. கைடு வைத்துப் படிப்பது தவறா? நான் எட்டாவது வரைதான் படித்தேன். சொல்லிக்கொடுக்க எனக்குத் தெரியாது. – ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: கைடுகளைத் தூக்கிப் போட வேண்டாம் அம்மா. மகனிடமிருந்து வாங்கி நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

‘எல்லாம் தெரியும்’ என்று அவன் சொல்வது பொய்யில்லை. கல்யாண வீட்டில் ஒருவரைப் பார்த்ததும் தெரிந்த முகம் என்று சிரித்துவிடுகிறோம். பெயர் என்ன என்று யாராவது கேட்டால் முழிக்கிறோம். ஐந்தாறு முறை படித்த கைடுப் பக்கமும் அப்படித் தெரிந்த முகம்தான். தேர்வறையில் கேட்பது பெயரை.

இதை அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் சோதித்து 2006இல் வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களில் ஒரு பிரிவினர் ஒரு பகுதியை நான்கு சுற்று படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரு சுற்று மட்டும் படித்துவிட்டு, மூன்று சுற்று பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்துக்கொண்டே இருந்தவர்கள் முந்தினார்கள்: 83 சதவீதம், எழுதியவர்கள் 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ். எழுதியவர்களுக்கு 61 சதவீதம் நினைவிருந்தது, படித்தவர்களுக்கு 40. உங்கள் மகன் இரவு படித்து முடித்ததும் ‘தெரியும்’ என்று சொல்வது அந்த ஐந்து நிமிடக் கணக்கு.

ஆகவே வேலையை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். அவன் பாடநூலில் ஒரு தலைப்பைப் படிக்கட்டும். புத்தகத்தை மூடியதும் நீங்கள் கைடைத் திறந்து அதிலிருந்து ஒரு கேள்வியை வாசியுங்கள். அவன் ஒரு தாளில் எழுத வேண்டும். வாயால் ஒப்பிப்பது கணக்கில் சேராது. எழுதியதைக் கைடு விடையோடு வைத்துப் பாருங்கள். அறிவியல் தெரிய வேண்டியதில்லை, தமிழ் வாசிக்கத் தெரிந்தால் போதும். வரிக்கு வரி ஒத்துப்போக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். விடைத்தாள் திருத்தும் முகாமில் ஆசிரியர்கள் நாங்களும் விடைக்குறிப்பில் உள்ள முழு வாக்கியங்களை விடைத்தாளில் தேடமாட்டோம், முக்கியச் சொற்களைத்தான் தேடுவோம். விட்டுப்போன சொல்லை அவனே சிவப்பு மையால் எழுதிச் சேர்க்கட்டும். இரண்டு நாள் கழித்து அதே கேள்வி, அடுத்த வாரம் மறுபடியும் ஒருமுறை. சிவப்பு குறைகிறதா என்று பாருங்கள்.

கைடில் இருக்கும் கேள்வி அப்படியே வராதபோதுதான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். ‘அனிச்சைச் செயல் என்றால் என்ன?’ என்றால் மளமளவென்று எழுதிவிடுவார்கள். ‘அடுப்பிலிருந்த பாத்திரத்தைத் தெரியாமல் தொட்டதும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறோம். செய்தி எந்த வழியாகப் போய்த் திரும்பியது?’ என்று கேட்டால் பேனா நின்றுவிடும். இரண்டும் ஒரே பாடம்தான். தோலில் உள்ள உணர்வேற்பி, உணர்ச்சி நியூரான், தண்டுவடம், இயக்க நியூரான், கடைசியில் கைத்தசை. இதைப் பாடநூலில் படத்தோடு படித்தவன் விரலால் கோடு இழுத்துக் காட்டுவான். கைடில் வரையறையை மட்டும் படித்தவனுக்கு அந்தக் கோடு கிடைக்காது. அதனால் கேள்வி கேட்கும்போது நீங்களும் சமையலறையிலிருந்து ஒன்றிரண்டு சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு எட்டாம் வகுப்பு தாராளம்.

கணக்குகளுக்கு முறை கொஞ்சம் வேறு. ‘குழிலென்ஸ் ஒன்றின் குவியத்தொலைவு 50 செ.மீ. அதன் திறன் என்ன?’ கைடில் மூன்று வரியில் விடை இருக்கும்: −2 டையாப்டர் (லென்ஸின் திறனை அளக்கும் அலகு). படிக்கும்போது அத்தனையும் புரியும். தனியாகப் போடச் சொன்னால் ஒருவன் 50 செ.மீட்டரை 0.5 மீட்டராக மாற்றாமல் ஒன்றை ஐம்பதால் வகுத்து 0.02 என்பான். இன்னொருவன் குழிலென்ஸுக்குக் குவியத்தொலைவு எதிர்க்குறி என்பதை மறந்துவிட்டு வெறும் 2 என்பான். மூன்றாமவன் எல்லாம் சரியாகப் போட்டு அலகை விட்டுவிடுவான். இந்த மூன்றில் உங்கள் மகன் எதைச் செய்கிறான் என்பது அவன் கையால் போட்டால்தான் தெரியும். கைடின் விடையை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு கேள்வியை மட்டும் காட்டுங்கள். போட்டு முடித்த பிறகு ஒவ்வொரு வரியாகத் திறந்துவிடுங்கள்.

கைடிலேயே தவறு இருந்தால்? இருக்கும். ஒரு வருடம் என் வகுப்பில் பாதிப் பேர் ஒரே கணக்கில் ஒரே இடத்தில் எதிர்க்குறியை விட்டிருந்தார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிவிட்டார்கள் என்று சத்தம் போட்டேன். பிறகுதான் தெரிந்தது, எல்லோரும் பார்த்து எழுதியது ஒரே கைடை. பிழை அச்சிலேயே இருந்தது. கைடும் பாடநூலும் முரண்பட்டால் பாடநூல் சொல்வதுதான் முடிவு. சமன்படுத்தாத வேதிச் சமன்பாடு கண்ணில் பட்டாலும் அப்படியே.

வினாத்தாளின் கணக்கையும் ஒருமுறை பாருங்கள். ஒரு மதிப்பெண் 12 கேள்விகள். இரண்டு மதிப்பெண் பத்தில் ஏழு, நான்கு மதிப்பெண் பத்தில் ஏழு. இந்த இரண்டு பகுதியிலும் தலா ஒரு கேள்வி கட்டாயம். ஏழு மதிப்பெண் மூன்று, ஒவ்வொன்றிலும் ‘அல்லது’ உண்டு. ஆக 12, 14, 28, 21, மொத்தம் 75. மீதி 25 செய்முறைக்கு. பிள்ளைகள் ஏழு மதிப்பெண் விடைகளை மனப்பாடம் செய்தே இரவைக் கழிக்கிறார்கள். அதிக மதிப்பெண் கிடப்பது நான்கு மதிப்பெண் பகுதியில். ஒரு மதிப்பெண் வினா பாடத்தின் எந்த மூலையிலிருந்தும் வரலாம், படத்துக்குக் கீழே உள்ள வரியிலிருந்தும் பெட்டிச் செய்தியிலிருந்தும்கூட. பாடத்தின் முடிவில் உள்ள வினாக்களுக்கு மட்டும் விடை தரும் கைடில் இவை சிக்காது.

புத்தகத்தில் 23 பாடங்கள் இருக்கின்றன. கையில் இருப்பது மூன்று மாதத்துக்கும் குறைவு. எல்லாவற்றுக்கும் ஒரே நேரம் ஒதுக்க வேண்டாம். அரையாண்டு விடைத்தாளை வாங்கி, விட்டுப்போன 34 மதிப்பெண்ணும் எந்தெந்தப் பாடத்தில் போனது என்று அவனையே எழுதச் சொல்லுங்கள். நான்கைந்து பாடங்களில்தான் பெரும்பகுதி போயிருக்கும். அங்கிருந்து தொடங்குங்கள்.

மூன்று கைடு எதற்கு? பாடத்தின் உட்பகுதி வினாக்களும் கணக்குகளுக்கு முழு வழிமுறையும் உள்ள ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் மெல்லக் கற்போருக்கென்று தரும் மெலிந்த கையேடு தேர்ச்சி பெறத் தவிப்பவர்களுக்கானது. எழுத்துத் தேர்வில் தேர்ச்சிக்கு 20 போதும். 41 எடுப்பவன் அதைப் பிடித்தால் மேலே ஏறமாட்டான். கைடுக்குச் செலவழிக்க இருந்த பணத்தில் பெற்றோர் ஆசிரியர் கழகம் வெளியிடும் மாதிரி வினாத்தாள் தொகுப்பை வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகாலுக்கு உட்கார்ந்து ஒன்றேகாலுக்கு எழுந்திருக்கட்டும், பொதுத்தேர்வு நேரம் அதுதான். அந்த மூன்று மணி நேரமும் கைடு உங்கள் மடியில் இருக்கட்டும், கைபேசியும் சேர்த்து.