டாங்கிகளின் பக்கம் நிற்பதா?

கேள்வி: உக்ரைன் போரில் ரஷ்யாவைக் கண்டித்து எழுதினீர்கள். அமெரிக்கா தலைமையிலான ராணுவக் கூட்டணியான நேட்டோவை எதிர்த்து நிற்கும் வலு இன்று ரஷ்யாவுக்கும் சீனாவுக்கும்தான் இருக்கிறது. அந்த அணியில் சேராத இடதுசாரி, அமெரிக்காவுக்குத் துணைபோகிறவர்தானே?
- வாசகர், மதுரை

பதில்: இல்லை. யூகோஸ்லாவியா மீது நேட்டோ 1999-இல் 78 நாள் குண்டு வீசியதை நான் மறக்கவில்லை. லிபியாவையும் மறக்கவில்லை. வாஷிங்டனை ஜனநாயகத்தின் காவலனாகக் கொண்டாடுகிறவர்களோடு எனக்கு ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. அதற்காக புதினின் படையெடுப்புக்குச் செங்கொடி பிடிக்கச் சொன்னால், என் கை எழாது.

போர் தொடங்குவதற்கு மூன்று நாள் முன்பு, 2022 பிப்ரவரி 21 அன்று, புதின் ஆற்றிய உரையைத் தேடிப் படியுங்கள். நேட்டோவுக்கு வருவதற்கு முன்பே அவர் லெனினைச் சாடத் தொடங்கிவிடுகிறார். உக்ரைனை உருவாக்கியதே லெனினின் கட்சியினரான போல்ஷ்விக்குகள்தான், சோவியத் குடியரசுகளுக்குப் பிரிந்துபோகும் உரிமை கொடுத்தது பெரும் தவறு என்கிறார். இந்தப் போரையா லெனின் படத்தை மாட்டிவைத்துக்கொண்டு ஆதரிக்கச் சொல்கிறீர்கள்?

இந்தச் சண்டை நமக்குப் புதிதும் இல்லை. 1956-இல் பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட் கட்சியின் 'டெய்லி வொர்க்கர்' நாளிதழ், பீட்டர் ஃப்ரையர் என்ற தன் செய்தியாளரை, சோவியத் சார்பு ஆட்சிக்கு எதிராக மக்கள் கிளர்ந்தெழுந்திருந்த ஹங்கேரிக்கு அனுப்பியது. எல்லைக்கு அருகில் ஒரு சிற்றூர். ஆயுதமில்லாத கூட்டத்தின்மீது பாதுகாப்புப் போலீஸ் முந்தைய நாள்தான் சுட்டிருந்தது. இடுகாட்டில் உடல்கள் வரிசையாகக் கிடந்தன. கட்சியை உயிராக நேசித்த அந்த மனிதர், கண்டதைக் கண்டபடி எழுதி அனுப்பினார். பத்திரிகை சிலவற்றை வெட்டியது, சிலவற்றை அச்சிடவே இல்லை. அவர் வேலையை விட்டார்; கட்சி அவரை வெளியேற்றியது. நவம்பர் 4 அன்று, கிளர்ச்சியை நசுக்க, சோவியத் டாங்கிகள் தலைநகர் புடாபெஸ்டில் மீண்டும் நுழைந்தன. அதன் பிறகும் தொழிற்சாலைகளில் தொழிலாளர் கவுன்சில்கள் கூடின, வேலைநிறுத்தம் செய்தன. பாட்டாளிகளின் பெயரால் வந்த டாங்கிகளுக்கு எதிரே நின்றவர்கள் பாட்டாளிகள். அன்றும், அமெரிக்கா ஆதாயம் அடைந்துவிடும், வாயை மூடு என்றுதான் ஃப்ரையர் போன்றவர்களுக்குச் சொல்லப்பட்டது. உங்கள் கடிதத்திலும் அதே வாதத்தைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது.

நேட்டோவை விரிவாக்காதே, ஆயுத வியாபாரத்தை நிறுத்து என்று எழுதுங்கள். நானும் சேர்ந்து எழுதுகிறேன். ஆனால் குண்டு விழும் உக்ரைனின் கார்கிவ் நகர வீட்டில் இருப்பவரிடம் போய், உன்மீது விழுவது ஏகாதிபத்திய எதிர்ப்புக் குண்டு என்று என்னால் சொல்ல முடியாது.

ரஷ்யாவுக்குள்ளேயே பாருங்கள். போரிஸ் ககார்லிட்ஸ்கி மார்க்சியச் சமூகவியலாளர். சோவியத் தலைவர் பிரெஷ்னேவ் காலத்தில், 1982-இல், இடதுசாரி அதிருப்தியாளர் என்று சிறைவைக்கப்பட்டவர். உக்ரைன் போரை எதிர்த்தார். 2023 ஜூலையில் பயங்கரவாதத்தை நியாயப்படுத்தியதாக வழக்குப் போட்டுக் கைது செய்தார்கள். முதலில் அபராதத்தோடு விட்ட வழக்கு, அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்து, 2024 பிப்ரவரியில் ஐந்தாண்டுச் சிறையானது. நீங்கள் என்னைச் சேரச் சொல்லும் அணியில் அவருக்கு எந்த இடம் என்று எழுதுங்கள். அந்தக் கடிதத்தையும் இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.