அனிமே ரசிகர் மாநாடு என்றால் என்ன? அவற்றில் புகழ்பெற்ற ஒன்று எப்படித் தொடங்கியது?

ஜப்பானிய அனிமேஷன் தொடர்களையும் மாங்கா என்னும் படக்கதைகளையும் விரும்புகிறவர்கள் ஓரிடத்தில் கூடும் விழாதான் இது. மாநாடு என்றாலும் மேடைப்பேச்சு இதில் குறைவு. ரசிகர்கள் தாங்களே வரைந்த புத்தகங்களை விற்பார்கள், பிடித்த பாத்திரம்போல வேடமிட்டு வருவார்கள்.

இப்படிப்பட்ட விழாக்களில் புகழ்பெற்ற ஒன்றின் தொடக்கம் எனக்கு மிகவும் பிடித்த கதை. அப்போது நடந்துகொண்டிருந்த ஒரு மாங்கா மாநாட்டைக் குறைசொன்ன ரசிகருக்கு அங்கே அனுமதி மறுக்கப்பட்டது. சரி, யாரையும் ஒதுக்காத சந்தையை நாமே நடத்துவோம் என்று சில ரசிகர்கள் கிளம்பினார்கள். 1975 டிசம்பர் 21 அன்று டோக்கியோவில் 'காமிக்கெட்' (காமிக் மார்க்கெட், அதாவது படக்கதைச் சந்தை) பிறந்தது. வந்தவை 32 குழுக்கள், சுமார் 700 பேர். இன்று ஆண்டுக்கு இருமுறை, பல லட்சம் பேர் வருகிறார்கள்.

நம்ம கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சியை நினைத்துப் பாருங்கள். விவசாயி தன் தோட்டத்தில் விளைந்ததை வைக்கிறார். பார்க்க வருகிறவர்களிலும் பலர் மாமரம் வளர்ப்பவர்கள். அந்த நெருக்கம்தான் இங்கேயும். அப்புறம் வேடம் கட்டுவது, தெருக்கூத்து பார்த்து வளர்ந்த தருமபுரிக்காரர்களுக்குப் புதிதா என்ன?

குழந்தைகளுக்கான கார்ட்டூன் விழா என்று பலர் நினைக்கிறார்கள். காமிக்கெட்டைத் தொடங்கியவர்களும் இன்று அங்கே கடை போடுகிறவர்களில் பெரும்பாலோரும் பெரியவர்களே.