கூரையில்லா வண்டி: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி மாருதி ஜிப்ஸி. மீதியில் ஒரு ஹெரால்டு, ஒரு சான் ஸ்டார்ம், இன்னும் வாங்காத மாஸ்டா மியாட்டா ஒன்று. மூன்று பேர் வண்டியின் வருஷத்தை எழுதவில்லை. இரண்டு பேர் வண்டி என்னவென்றே எழுதவில்லை.

திருவாரூர்: 2008 ஜிப்ஸி. போன வாரம் கோவில்வெண்ணி தாண்டியதும் அடியிலிருந்து கருகல் வாடை. கிளட்ச் போய்விட்டது, இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். இறக்கலாமா?

கிளட்சை இறக்கும் முன் குனிந்து பாருங்கள். அறுவடை நேரம், ரோடு முழுக்க வைக்கோல், அதன்மேல்தான் வந்திருப்பீர்கள். தை, மாசியில் என் பட்டறைக்கு வருகிற ஜிப்ஸிகளில் புரொப்பல்லர் ஷாஃப்ட்டை, அதாவது அடியில் சுழன்று சக்கரத்தை ஓட்டுகிற நீளத் தண்டைச் சுற்றி, வைக்கோல் பிரிமணை மாதிரி இறுகிக் கிடக்கும். கையால் பிய்த்தால் வராது, கருக்கரிவாள் வேண்டும். மேல்சுற்று பச்சையாக இருக்கும். உள்ளே போகப் போகக் கருகிப் பொடியாக உதிரும். விட்டுவைத்தால் ஆயில் சீலைத் தின்றுவிடும். சைலன்சர் குழாயில் தொங்கினால் பற்றி எரியவும் செய்யும். ரோட்டில் போடுகிற விவசாயியிடம் சண்டைக்குப் போகாதீர்கள். களம் இல்லாத ஊரில் அவர் எங்கே போவார்?

மன்னார்குடி: என் ஜிப்ஸிக்கு 31 இஞ்ச் டயர், இரும்பு பம்பர், வின்ச் எல்லாம் போட்டுவிட்டேன். இப்போது பிக்கப் இல்லை. இன்ஜினில் என்ன செய்யலாம் சார்?

இன்ஜினில் ஒன்றும் செய்ய வேண்டாம். போட்டதையெல்லாம் கழற்றுங்கள். சாஃப்ட் டாப் ஜிப்ஸி 1,000 கிலோவுக்குச் சற்றுக் கம்மி, இன்ஜின் 80 குதிரை சக்தி. அந்த வண்டியின் சூட்சுமமே எடைதான். பம்பரும் வின்ச்சும் சேர்த்தால் 70, 80 கிலோ வரும். வாட்டசாட்டமான ஒரு ஆளை முன்னால் நிரந்தரமாகத் தொங்கவிட்டு ஓட்டுகிறீர்கள். பெரிய டயரால் எல்லா கியரும் நீண்டுவிட்டது, பிரேக் மந்தமாகிவிட்டது, மீட்டர் 60 காட்டும்போது வண்டி 70-ஐ ஒட்டிப் போகிறது. 1996-ல் வந்த லோட்டஸ் எலீஸ் என்ற ஸ்போர்ட்ஸ் காரில் இருந்தது 120 குதிரைகூட இல்லை. வண்டி 725 கிலோ, அதனால் பறந்தது. எடையை ஏற்றிவிட்டுக் குதிரையைத் தேடுவது எந்த ஊர் கணக்கு?

இரும்பு பம்பர் கூடாது என்று 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு எல்லா மாநிலங்களுக்கும் எழுதியாகிவிட்டது. வின்ச்? சேற்றில் மாட்டினால் இழுக்க டிராக்டர் கிடைக்காத ஊரா மன்னார்குடி?

நாகப்பட்டினம்: சான் ஸ்டார்ம் வைத்திருக்கிறேன். கதவுக்குக் கீழே பாடியில் நீளமாகக் கீறல். பட்டி போட்டு மறைத்துவிடலாம் என்கிறார் டிங்கர்.

பட்டி ஆறு மாதம் நிற்கும், பிறகு அதே இடத்தில் இன்னும் நீளமாக வாயைத் திறக்கும். அது கோவாவில் செய்த வண்டி, பாடி முழுக்க ஃபைபர். தகரம் தட்டுகிறவருக்கு அதில் வேலையே இல்லை. அக்கரைப்பேட்டையில் ஃபைபர் போட் ரிப்பேர் செய்கிறவர்கள் இருக்கும்போது டிங்கரிடம் ஏன் போனீர்கள்? கீறலின் இரண்டு பக்கமும் நான்கு விரல் அகலம் தேய்த்து எடுத்து, நன்றாகக் காயவிட்டு, உள்பக்கத்திலிருந்து மூன்று அடுக்கு ஃபைபர் மேட், அதன்மேல் ரெசின் பசை போடச் சொல்லுங்கள். மழை நாளில் வேண்டாம். ரெசினை இறுக வைக்கிற ஹார்டனரைக் கண்மதிப்பில் ஊற்ற விடாதீர்கள். படகுக்குத் தாங்கும், காருக்குச் சுருங்கி அலை விழும். இன்னொன்று, உங்கள் இன்ஜின் ரெனோவின் 1,149 சிசி. ட்விங்கோ, கிளியோவில் இருந்த அதே இன்ஜின். சாமான் தேடும்போது சான் ஸ்டார்ம் என்று கேட்டால் கடைக்காரர் விழிப்பார், ட்விங்கோ, கிளியோ என்று சொல்லுங்கள்.

தஞ்சாவூர்: செகண்ட் ஹேண்டில் வாங்கிய இரண்டு சீட் ஓப்பன் கார். துணி மூடி எங்கும் கிழியவில்லை. ஐப்பசி மழைக்குச் சீட்டுக்குப் பின்னால் தண்ணீர் தேங்குகிறது. மூடியை மாற்ற லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள்.

வண்டிப் பெயர் எழுதாதவர்களில் நீங்கள் ஒருவர். நல்லவேளை, பதில் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். வடிகால். மூடி மடங்குகிற இடத்தில் இரண்டு பக்கமும் துளை இருக்கும். அதிலிருந்து குழாய் இறங்கி அடியில் திறக்கும். புளிய இலையும் தூசியும் அதை அடைத்திருக்கும். வாய்க்காலைத் தூர்வாரவில்லை என்று கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கிற ஊர் நம்முடையது, சொந்த வண்டியில் இரண்டு துளையைப் பார்க்க மாட்டோம். மேலே அடைத்திருப்பதைக் கையால் எடுத்துவிட்டு ஈர்க்குச்சியின் மொண்ணைப் பக்கத்தை மெதுவாக விடுங்கள். கம்பி விட்டால் குழாய் கிழியும், காற்றடித்தால் உள்ளே கழன்றுவிடும். ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, அது வண்டிக்கு அடியில் சொட்டுகிறதா என்று பாருங்கள். மூடியை ஈரத்தோடு மடக்காதீர்கள். இதை நூறு தடவை எழுதிவிட்டேன்.

பாபநாசம்: பழைய மாருதி 800 ஒன்று சும்மா நிற்கிறது. கூரையை அறுத்து ஓப்பன் காராக்கிக் கல்யாண ஊர்வலத்துக்கு விடலாம் என்று யோசனை. எத்தனை செலவாகும்?

மாதம் ஒருவராவது இதைக் கேட்கிறீர்கள். செலவு சொல்ல மாட்டேன்.

பிஸ்கட் வருகிற தகர டப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். மூடியோடு முறுக்கினால் அசையாது. மூடியை எடுத்துவிட்டு முறுக்குங்கள், கைக்குள்ளேயே நெளியும். மாருதி 800-க்குத் தனி சேஸிஸ், அதாவது பாடியைத் தாங்கும் அடிச்சட்டம், கிடையாது, அந்தத் தகர டப்பாதான் சேஸிஸ். கூரை என்பது வெயிலுக்கும் மழைக்கும் போட்ட பந்தல் இல்லை, வீட்டு உத்தரம். கம்பெனிக்காரன் ஓப்பன் கார் செய்யும்போது கதவுக்கு அடியில் இருக்கிற படிக்கட்டை இரட்டைத் தகட்டில் அடிப்பான், குறுக்கே சட்டம் விடுவான், கண்ணாடிச் சட்டத்தைக் குழாய் வைத்து இறுக்குவான். கூரையை எடுத்த பிறகும் பல மாடல்களில் ஓப்பன் வண்டிதான் எடை அதிகம். யாராவது இதை யோசிக்கிறீர்களா?

எனக்கும் அந்தப் பாவத்தில் பங்கு உண்டு. தொழில் பழகிய காலத்தில் தஞ்சாவூரில் ஒரு ஷெட்டில் இப்படி ஒரு வண்டியை அறுத்தோம். கட்டிங் வீல் பிடித்தது நான்தான். சாயந்திரம் கூரையைத் தூக்கி ஓரமாக வைத்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். மறுநாள் பின் சக்கரம் ஒன்றுக்கு ஜாக்கி கொடுத்தேன். கதவு இடுக்கில் அதுவரை ஒரு விரல் போகும், அப்போது பிளேடுகூடப் போகவில்லை. முதலாளி பார்த்தார், ஒன்றும் பேசாமல் பெயின்டுக்கு அனுப்பினார். இரண்டாவது கல்யாணத்தில், அய்யம்பேட்டை பக்கம் ஒரு மதகு மேட்டில் ஏறி இறங்கும்போது இடது கதவு தானாகத் திறந்தது. மாப்பிள்ளைத் தோழன் ரோட்டில். நடை வேகம், அதனால் முழங்கையோடு போயிற்று. அன்றிலிருந்து என் பட்டறையில் கூரை அறுப்பதில்லை. கேட்டு வருகிறவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவேன்.

சட்டமும் அதையேதான் சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே வருஷத் திருத்தத்தில் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சொந்த உபயோக போர்டில் வாடகைக்கு விடுவது தனிக் குற்றம். விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரர் முதலில் போட்டோ கேட்பார். எதை மாற்றும் முன்னும் ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பாருங்கள், அதில் இருப்பதுதான் ரோட்டில் இருக்க வேண்டும். ஊர்வலத்துக்குச் சாரட்டு வண்டி கிடைக்கிறது, குதிரைக்கு எஃப்.சி. வேண்டாம்.

கும்பகோணம்: அப்பா வைத்திருந்த 1966 ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இரண்டு கதவு. அந்தக் காலத்திலேயே கூரையை எடுத்துவிட்டார். என்ன சொல்வீர்கள் என்று தெரியும், திட்ட வேண்டாம். வின்டேஜ் பதிவு கிடைக்குமா?

திட்டவில்லை. ஹெரால்டுக்குத் தனி சேஸிஸ், கூரை போல்ட்டில் நிற்கிறது. அறுபது வருஷமாக அது நெளியாமல் இருப்பதற்கு அதுதான் காரணம். இங்கிலாந்தில் அதே சேஸிஸைக் குறுக்கித்தான் ஸ்பிட்ஃபயர் என்ற ஓப்பன் காரே செய்தார்கள். ஆனால் 2021-ல் வந்த வின்டேஜ் விதி 50 வருஷம் தாண்டியிருந்தால் மட்டும் போதும் என்று சொல்லவில்லை. சேஸிஸ், பாடி, இன்ஜின் மூன்றிலும் மாற்றம் இருக்கக்கூடாது என்கிறது. அப்பா கூரையை அறுத்தாரா, கழற்றினாரா? கழற்றியது என்றால் மாட்டுக்கொட்டகை, பரண் எல்லாம் தேடுங்கள். கிடைத்தால் திரும்ப மாட்டி, பிறகு விண்ணப்பியுங்கள். கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். தினமும் ஓட்ட முடியாது.

மயிலாடுதுறை: காரைக்கால் பதிவு வண்டி மலிவாக வருகிறது. அப்படியே ஓட்டலாமா?

12 மாதம். அதற்குமேல் இங்கே வரி கட்டி நம்பர் மாற்ற வேண்டும். அந்தப் பணத்தையும் கூட்டிப் பார்த்துவிட்டு மலிவா என்று சொல்லுங்கள்.

பட்டுக்கோட்டை: ஜப்பானிலிருந்து 1990 மியாட்டா இறக்க ஆசை.

நல்ல ஆசை. மூன்று வருஷத்துக்கு மேல் பழைய காரைச் சாதாரணமாக இறக்க விடமாட்டார்கள். ஓட்டிப் பார்க்க ஆசை என்றால் ஜப்பானுக்கு டிக்கெட் எடுங்கள், அது மலிவு.

வேதாரண்யம்: உப்புக் காற்றுக்கு அடியில் பழைய இன்ஜின் ஆயில் அடிக்கச் சொல்கிறார்கள். ஜிப்ஸிக்கு அடிக்கலாமா?

கூடாது. ரப்பர் புஷ் எல்லாம் ஊறிப் போகும், ஆயிலில் ஒட்டுகிற மண்ணிலேயே உப்பும் தங்கும். கோடியக்கரை போய் வந்த அன்றே நல்ல தண்ணீரில் அடியைக் கழுவுங்கள், போர் தண்ணீர் உப்பு என்றால் அதற்குக் கழுவாமலே இருக்கலாம். சேஸிஸ் பெட்டிக்குள் மெழுகு ஸ்பிரே, வருஷம் ஒரு தடவை, மழைக்கு முன்னால். கதவடி வடிகால் துளைகளுக்கு ஈர்க்குச்சி.

நீடாமங்கலம்: துணி மூடி பளபளக்கத் தேங்காய் எண்ணெய் தடவலாமா?

தலைக்குத் தடவுங்கள்.

ஒரத்தநாடு: பின்னால் பிள்ளைகளை நிற்கவைத்து ஓட்டினால் ரோல் பார் (கவிழ்ந்தால் தாங்குகிற இரும்புக் குழாய்) போதுமா?

போதாது. உட்காரவைத்து பெல்ட் போடுங்கள்.

பேராவூரணி: வண்டியில் கடக் கடக் என்று சத்தம் வருகிறது. என்ன காரணம்?

எந்த வண்டி? எந்த வருஷம்? நேராகப் போகும்போதா, திருப்பும்போதா? கார்டில் முக்கால்வாசி காலியாக இருக்கிறது, இன்னொன்று எழுதிப் போடுங்கள்.