யாருக்கும் தெரியாமல் படிக்க எந்தக் கோர்ஸ்?

தக்கலையிலிருந்து எழுதிய அக்காவுக்கு,

உங்கள் கடிதம் ‘என் மகன்’ என்று தொடங்குகிறது. இரண்டாம் பக்கத்தில் அது ‘என் பிள்ளை’ ஆகிவிட்டது. தெரிந்து மாற்றினீர்களோ, கை தானாக மாற்றியதோ, நானும் பிள்ளை என்றே எழுதுகிறேன்.

பிளஸ் டூவில் உயிரியல் எடுத்து நல்ல மார்க். நர்சிங் ஆசை. தான் பெண் என்று வீட்டில் சொல்லி ஆறு மாதம் ஆகிறது. ஊரில் யாருக்கும் தெரியாமல் படித்து முடிக்க எந்தக் கோர்ஸ் நல்லது, சென்னை விடுதியா, தபால் வழியா, இல்லை அப்பா இருக்கும் வளைகுடாவா என்று கேட்கிறீர்கள்.

வளைகுடா வேண்டவே வேண்டாம். அங்குள்ள சட்டம் இந்தப் பிள்ளைக்குத் துணை நிற்காது. சித்தப்பா சொல்லும் ‘சரியாக்கும்’ டாக்டரும் வேண்டாம். அந்த மாதிரி சிகிச்சைக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-லேயே தடை போட்டாயிற்று.

விடுதி பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்தப் பிள்ளைகள் பாடம் ஏறாமல் படிப்பை விட்டதை நான் அதிகம் பார்த்ததில்லை. விடுதி அறை, கழிவறை, வருகைப் பதிவில் கூப்பிடும் பெயர், இந்த மூன்றில்தான் உடைந்து போகிறார்கள். 2017-இல் கொச்சி மெட்ரோ திருநர்களுக்கு வேலை கொடுத்தபோது நாடே பாராட்டியது. ஆனால் வாடகைக்கு வீடு கிடைக்காமல் சிலர் சில நாட்களிலேயே வேலையை விட்டார்கள். உங்கள் வீட்டில் அந்தத் தொல்லை இல்லை. நாகர்கோவில் பஸ்ஸில் போய்வரும் தூரம்தானே? வீட்டிலிருந்து போகட்டும். ஊர் பேசும்தான். சென்னைக்கு அனுப்பினாலும் பேசும்.

நர்சிங் என்றால் நாலு பேர் முன்னால் நிற்க வேண்டுமே என்று பயப்படுகிறீர்கள். நம்ம மாவட்டத்தில் தெருவுக்கு நாலு நர்ஸ் இருக்கிறார்கள், இந்தப் பிள்ளைக்கு மட்டும் ஏன் அது ஆகாது? 2019-இல் தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த அன்பு ரூபி என்ற திருநங்கை அரசு நர்ஸாகவே நியமனம் பெற்றார். எல்லாருக்கும் வழி அப்படி எளிதாகத் திறக்கவில்லை. பிரித்திகா யாஷினி என்ற திருநங்கையின் போலீஸ் எஸ்.ஐ. விண்ணப்பத்தையே தள்ளிவிட்டார்கள். 2015-இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வாங்கித்தான் அவர் காக்கி போட முடிந்தது. பிள்ளைக்கு இரண்டையும் சொல்லுங்கள்.

பணம் கட்டும் முன் கல்லூரியில் கேளுங்கள்: எந்தக் கழிவறை, எந்தச் சீருடை, பதிவேட்டில் எந்தப் பெயர்? அப்புறம், ‘திருநர் உரிமைப் பாதுகாப்புக்கான 2019 சட்டப்படி உங்கள் புகார் அதிகாரி யார்?’ என்று ஒரு கேள்வி. பதில் சொல்பவர் விழிக்கிற விழியிலேயே கல்லூரியின் லட்சணம் தெரிந்துவிடும். (சீருடை விஷயத்தில் கூச்சப்படாதீர்கள். எதை உடுத்தலாம் என்று அடுத்தவர் சொன்னதை எதிர்த்துத் தோள்சீலைக்குப் போராடிய மண் இது.)

எனக்குப் பெரிய கவலை படிப்பு இல்லை, காகிதம். பத்தாவது சான்றிதழில் ஒரு பெயர், பட்டத்தில் ஒரு பெயர், ஆளைப் பார்த்தால் வேறு என்றால், வேலையில் சேரும் நாளில் சான்றிதழ் சரிபார்ப்பவர் ‘இது யாருடையது?’ என்பார். தன் பாலினம் எது என்பதை அவரவரே சொல்லலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. 2019 சட்டத்தின்படி அடையாளச் சான்றிதழ் தருபவர் மாவட்ட ஆட்சியர். பதினெட்டு முடியாத பிள்ளைக்குப் பெற்றோர்தான் விண்ணப்பிக்க வேண்டும், அதாவது உங்கள் கையெழுத்து. அது கையில் வந்த பிறகு ஆதாரையும் மார்க் ஷீட்டையும் மாற்றக் கேட்கலாம். கல்லூரிச் சேர்க்கைக்கு முன்பே தொடங்கிவிட்டால் பட்டம் சரியான பெயரில் வரும். பாதிப் படிப்பில் மாற்றினால் அலைச்சல் இரட்டிப்பு.

கட்டணத்துக்காக நகையைத் தொட வேண்டாம். உயர்கல்வி படிக்கும் திருநர்களின் கல்வி, விடுதிக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று 2024 பட்ஜெட்டில் அறிவித்திருக்கிறார்கள். நாகர்கோவில் கலெக்டர் ஆபீசில் சமூக நல அலுவலகத்தில் விசாரியுங்கள். ஒரே தடவையில் முடியாது. இரண்டு மூன்று நடை ஆகும்.

வரும் சனிக்கிழமை இரண்டு பேரும் வாருங்கள். பத்தாவது மார்க் ஷீட், ஆதார், இரண்டு போட்டோ போதும். விண்ணப்பத்தில் பெயர் எழுதும் இடம் வரும். பிள்ளை தனக்கு என்ன பெயர் வைத்திருக்கிறது என்று உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை. வருவதற்குள் கேட்டு வையுங்கள், அக்கா.